அழ வைத்தது போதும், பாரம் நிரப்பிக் கொடுங்கள்



சனிக்கிழமை பள்ளி மண்டபத்தில் நடந்த தன்முனைப்பு முகாமுக்குப் போன உங்கள் பிள்ளை, கண்கள் வீங்கி வீட்டுக்கு வந்து உங்கள் காலில் விழுந்ததுண்டா? முதலில் பதறியிருப்பீர்கள். பிறகு மகிழ்ந்திருப்பீர்கள். அந்த மாற்றம் எத்தனை நாள் நீடித்தது? நீங்களே சொல்லுங்கள்.

சென்ற ஆண்டு அப்படியொரு முகாமில் சட்டம் பற்றி அரை மணி நேரம் பேச என்னை அழைத்திருந்தார்கள். ஏறக்குறைய 200 இடைநிலைப்பள்ளி மாணவர்கள். எனக்கு முன் பேசியவர் திறமைசாலி. விளக்கை அணைக்கச் சொன்னார். அம்மா பாட்டு ஒலித்தது. “உன் அப்பா லாரி ஓட்டி முதுகொடிகிறார், நீ பின்வரிசையில் அரட்டை அடிக்கிறாய்!” என்றார். பிள்ளைகள் தேம்பித் தேம்பி அழுதார்கள். விளக்கு எரிந்ததும் எல்லாரும் எழுந்து நின்று “என்னால் முடியும்” என்று மூன்று முறை கத்தினார்கள்.

தேநீர் இடைவேளையில் நான்காம் படிவ மாணவன் ஒருவன் என்னிடம் வந்தான். கத்தியதில் குரல் கம்மியிருந்தது. “சார், ஐசி இல்லாம போலிடெக்னிக் போக முடியுமா?” என்று கேட்டான்.

அவன் அப்பா இந்நாட்டுக் குடிமகன், லாரி ஓட்டுநர். அம்மா இந்தோனேசியப் பெண். பிள்ளைக்கு மூன்று வயதாகும்போது ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. கோயிலில் தாலி கட்டினார்கள், ஆனால் திருமணத்தைப் பதியவில்லை. 1976-ஆம் ஆண்டின் திருமணச் சட்டம் 1982 மார்ச் முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி கோயில் சடங்கு மட்டும் போதாது, பதிவு வேண்டும். பதிவு இல்லாவிட்டால் பிள்ளை சட்டப்படி தாயின் குடியுரிமையைப் பின்பற்றும் என்று கூட்டரசு அரசமைப்பின் இரண்டாம் அட்டவணை சொல்கிறது. அப்பா நீல அடையாள அட்டை வைத்திருந்தும், இங்கேயே பிறந்து தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்த மகனின் பிறப்புப் பத்திரத்தில் ‘குடிமகன் அல்ல’ என்று இருக்கிறது. இந்தப் பையனிடம் “உன்னால் முடியும்” என்றால் அவன் என்ன செய்வான்? 12 வயதில் எல்லாப் பிள்ளைகளும் எடுக்கும் அட்டையை அவனால் எடுக்க முடியவில்லையே!

நான் பேச்சாளர்களைக் குறை சொல்ல வரவில்லை. பலர் பெட்ரோல் காசு மட்டும் வாங்கிக்கொண்டு பேசுகிறார்கள். தோட்டத்து லயத்தில் வளர்ந்த எனக்கும் ஒருவர் வந்து “நீயும் வழக்கறிஞராகலாம்” என்று சொன்னது பல நாள் காதில் ஒலித்தது. ஆனால் அதன் பிறகு ஓர் ஆசிரியர் தம் மோட்டார் சைக்கிளில் என்னை ஏற்றிச் சென்று, விண்ணப்பத்தை நிரப்பி, கையொப்பம் வாங்கி, தபாலில் சேர்த்தார். அந்த இரண்டாவது ஆள் இல்லாமல் முதலாமவர் பேச்சு என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது.

பேச்சு பயன் தருமா என்று ஆராய்ந்தும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 12,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம், ஒரு மணி நேரத்துக்கும் குறைவான ஒரு சிறு பாடத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். மூளை உழைப்பால் வளரும் என்பதுதான் பாடம். படிப்பில் பின்தங்கிய மாணவர்களின் மதிப்பெண் கொஞ்சம் உயர்ந்தது, மிகக் கொஞ்சம். அதுவும் சக மாணவர்களும் முயற்சியை மதிக்கும் பள்ளிகளில்தான் நன்றாகப் பலித்தது. 2019-இல் வெளிவந்த ஆய்வு இது. ஆக, நல்ல சொல் வீண் என்று சொல்ல முடியாது.

அதே நாட்டில் 2012-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வைப் பாருங்கள். ஏழைக் குடும்பங்களில் ஒரு பகுதியினருக்குக் கல்லூரி உதவிநிதி பற்றித் தகவல் மட்டும் சொன்னார்கள். இன்னொரு பகுதியினருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாரத்தையே நிரப்பிக் கொடுத்தார்கள். தகவல் மட்டும் பெற்றவர்களிடம் மாற்றமே இல்லை. பாரம் நிரப்பிக் கொடுத்த குடும்பங்களில், இரண்டாண்டு கல்லூரிப் படிப்பை முடித்த பிள்ளைகள் நூற்றுக்கு 28-லிருந்து 36 ஆனார்கள்!

பிடிவாதக்காரப் பையன்களைச் சிறைக்குக் கூட்டிப் போய்க் காட்டினால் திருந்துவார்கள் என்று நம்மவர்களில் சிலர் இன்னும் நம்புகிறார்கள். அமெரிக்காவில் நடந்த ஒன்பது சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில், அப்படிப் போய் வந்த பிள்ளைகள் போகாதவர்களைவிட அதிகமாகத்தான் குற்றங்களில் சிக்கியிருந்தார்கள். இந்த யோசனையோடு யாராவது வந்தால் கையொப்பம் போடாதீர்கள்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். “முயன்றால் முடியும்” என்பதையே திரும்பத் திரும்பக் கேட்கும் பிள்ளை, முடியாமல் போனால் யாரை நொந்துகொள்ளும்? தன்னைத்தான். மெட்ரிகுலேசன் இடங்களில் 90 விழுக்காடு பூமிபுத்ராக்களுக்கு, 10 விழுக்காடு மற்ற எல்லாருக்கும். 2019-இல் இடங்களை 25,000-லிருந்து 40,000-ஆக உயர்த்தியபோதும் இந்த விகிதம் அசையவில்லை. 10 ஏ-வும் அதற்கு மேலும் எடுத்தவர்களுக்கு இனம் பாராமல் இடம் என்று 2024-இல் பிரதமர் அறிவித்தார். நல்லது. எட்டு ஏ எடுத்த நம் பிள்ளை? அந்தப் பிள்ளையின் முயற்சியில் என்ன குறை? இதைப் பேசும் ஒரு தன்முனைப்பு உரையை நான் கேட்டதில்லை. சட்டத்தின் சுவரை மாணவனின் சோம்பல் என்று காட்டுவது அநியாயம்.

இந்தியர் நலனுக்கென மித்ராவுக்கு ஆண்டுக்கு 10 கோடி ரிங்கிட் என்று வரவு செலவுத் திட்டங்களில் அறிவித்து வந்திருக்கிறார்கள். அது நம் வரிப்பணம். அதில் முகாம் நடத்துகிறவர்களிடம், வந்த பிள்ளைகளில் எத்தனை பேர் ஓராண்டு கழித்தும் பள்ளியில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். வாழை இலைச் சாப்பாட்டின் படத்தையும் மாலை போட்ட படத்தையும் கணக்காகக் காட்டினால் ஏற்காதீர்கள்.

அடுத்த முறை முகாமுக்கு 30 வெள்ளி கேட்டுக் கடிதம் வந்தால், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் எழுந்து நில்லுங்கள். காலையில் பேசட்டும். மதியம் மேசை போடச் சொல்லுங்கள். ஆவணம் இல்லாத பிள்ளை யார்? பேருந்துக் காசு இல்லாமல் வராமல் நின்று எச்சரிக்கைக் கடிதம் வாங்கியவன் யார்? எஸ்.பி.எம். சான்றிதழுக்கு மலாய் மொழியோடு வரலாற்றுப் பாடத்திலும் தேர்ச்சி கட்டாயம். 2013 முதல் இதுதான் விதி. இது தெரியாமலே ஐந்தாம் படிவம் வந்தவர்கள் இருக்கிறார்கள்.

அந்தப் பையனின் விண்ணப்பம் இப்போது தேசியப் பதிவிலாகாவில் இருக்கிறது. அரசமைப்பின் 15ஏ பிரிவின் கீழ், 21 வயதுக்குட்பட்டவரைக் குடிமகனாகப் பதிவு செய்ய அரசாங்கத்துக்கு அதிகாரம் உண்டு. 2024-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய திருத்தம் அந்த வரம்பை 18-ஆகக் குறைக்கிறது. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒரு பிள்ளை இருந்தால் 18 வரை காத்திருக்காதீர்கள். பிறப்புப் பத்திரம், பெற்றோரின் அடையாள அட்டை நகல், பள்ளிக் கடிதம், இருந்தால் திருமணச் சான்றிதழ், இவற்றை எடுத்துக்கொண்டு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்கள் தீபகற்ப மலேசிய மாநிலங்களில் இருக்கின்றன. திருமணம் பதியவில்லை என்றால் பதியவில்லை என்றே சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.