பரணில் கிடக்கும் பழைய கணினி



2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கணினி நினைவகங்களின் விலை கடுமையாக உயர்ந்தது. சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று பெரும் நிறுவனங்களும் செயற்கை நுண்ணறிவு மையங்களுக்கே தம் உற்பத்தியைப் பெரிதும் திருப்பியமையே காரணம். அவ்வாண்டு டிசம்பரில் மைக்ரான், தன் ‘குரூசியல்’ என்னும் நுகர்வோர் வணிகத்தையே கைவிடுவதாக அறிவித்தது. ஓரங்கட்டப்பட்ட டிடிஆர்4 நினைவகத்தையும் மக்கள் மீண்டும் நாடலாயினர்.

காரைக்கால் தாய்மார்களே! சபுர் சென்ற பிள்ளையிடம் புதுக் கணினி கேட்குமுன் பரணைப் பாருங்கள். பழுதான கணினியின் நினைவகம் மற்றொன்றுக்கு உதவக்கூடும். வகை மட்டும் ஒத்திருத்தல் வேண்டும். டிடிஆர்3-இன் வெட்டுவாய் டிடிஆர்4-இல் பொருந்தாது, வலிந்து அழுத்தாதீர்கள்.

உங்களுக்குத் தேவையில்லையா? அண்டை வீட்டு ஏழை மாணவிக்குச் செப்பனிட்டுக் கொடுங்கள். விலையேற்றத்தால் அவள் படிப்பு தடைபடலாகாது. தூசியில் கிடப்பது அவள் கல்விக்கு உதவட்டுமே!