சேர்மனுக்கு ஓட்டுப் போடுவது யார்?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் திருப்பூர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கும் பழைய மாணவர் ஒருவர் போனில் பேசினார். பேச்சுவாக்கில், "ஏனுங்க சார், அடுத்த எலக்சன்ல நம்மூரு சேர்மனுக்கு நாங்களே ஓட்டுப் போடுவமுங்களா, இல்ல கவுன்சிலருங்கதான் போடுவாங்களா?" என்று கேட்டார். பல வருடம் உள்ளாட்சிப் பாடம் நடத்தியவன் நான். ஆனாலும் "இப்போதைய சட்டப்படி கவுன்சிலர்கள்தான் கண்ணு, தேர்தல் வரும்போது எப்படி இருக்குமோ" என்றுதான் சொல்ல முடிந்தது.

அப்படிச் சொல்ல வேண்டிய நிலை ஏன் வந்தது என்று பாருங்கள்.

1996, 2001 தேர்தல்களில் மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தோம். 2006-ல் தி.மு.க. ஆட்சி அதை மறைமுகத் தேர்தலாக மாற்றியது. 2011-ல் மறுபடியும் நேரடி. அந்தத் தேர்தலில் திருப்பூர் மேயருக்கும் மக்கள் ஓட்டுப் போட்டார்கள், நம் பேரூராட்சித் தலைவருக்கும் நாமே ஓட்டுப் போட்டோம். 2016-ல் அ.தி.மு.க. ஆட்சி மேயர் தேர்தலை மறைமுகமாக்கியது. 2018-ல் அதே ஆட்சி நேரடி என்றது. 2019 நவம்பரில் அதே ஆட்சி அவசரச் சட்டம் போட்டு மறுபடி மறைமுகம் என்றது. இதில் வேடிக்கை என்னவென்றால், 2016-க்கும் 2019-க்கும் நடுவில் நகரங்களில் ஒரு தேர்தல்கூட நடக்கவில்லை. பரீட்சையே வைக்காமல் வினாத்தாளை மூன்று முறை மாற்றியது போல.

2019 அவசரச் சட்டத்தை அன்று தி.மு.க. கடுமையாக எதிர்த்தது. 2021-ல் அதுவே ஆட்சிக்கு வந்தது. 2022 பிப்ரவரி 19-ல் தேர்தல் நடந்தபோது அதே மறைமுக முறைதான் இருந்தது. ஆகவே ஒரு கட்சியை மட்டும் குறை சொல்ல நான் வரவில்லை. நம் குடும்பத்திலேயே இரண்டு கரை வேட்டியும் உண்டு.

அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம் 1993-ல் நடைமுறைக்கு வந்தது. கவுன்சிலர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அது கட்டாயமாக்கியது. தலைவரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை மாநிலச் சட்டத்துக்கு விட்டுவிட்டது. அந்த ஒரு வாசல் வழியாகத்தான் இத்தனை போக்குவரத்தும். மகாராஷ்டிராவிலும் இதே கதைதான். 2016-ல் நகராட்சித் தலைவருக்கு நேரடித் தேர்தல், 2020-ல் அடுத்த ஆட்சி ரத்து, 2022-ல் அதற்கடுத்த ஆட்சி மறுபடி நேரடி.

இரண்டு முறைக்கும் நியாயம் உண்டு. நேரடியாக ஜெயித்த தலைவர் ஒரு கட்சி, கவுன்சிலர்களில் பெரும்பான்மை இன்னொரு கட்சி என்றால் தீர்மானம் எதுவும் நகராது. குடிநீர்க் குழாய்க்கும் சாக்கடைக்கும் இழுபறி. மறைமுகத்தில் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் நாம் யாரை நினைத்து ஓட்டுப் போட்டோமோ அவர் வருவார் என்பது நிச்சயமில்லை. 2022 மார்ச் 4 நினைவிருக்கிறதா? கூட்டணிக் கட்சிகளுக்கு ஒதுக்கிய தலைவர் பதவிகளைச் சில ஊர்களில் தி.மு.க.வினரே போட்டியிட்டுப் பிடித்துக்கொண்டார்கள். முதலமைச்சரே வருத்தப்பட்டு, அவர்களை ராஜினாமா செய்யச் சொல்ல வேண்டி வந்தது. கட்சித் தாவல் தடைச் சட்டமும் நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும்தான். கேரளா 1999-ல் உள்ளாட்சிக்கும் தனியாக அப்படி ஒரு சட்டம் போட்டுக்கொண்டது.

என் சொந்தக் கருத்து நேரடித் தேர்தல்தான். நம்மைச் சுற்றியுள்ள கிராம ஊராட்சிகளில் தலைவருக்கு மக்களே ஓட்டுப் போடுகிறார்கள். ஆளுக்கு நான்கு ஓட்டு. எல்லை தாண்டிக் கொமரலிங்கம் பேரூராட்சிக்குள் வந்தால் ஒரே ஒரு ஓட்டு. பேரூராட்சி ஆனதால் நம் புத்தி குறைந்துவிட்டதா என்ன?

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. எந்த முறை என்பதைவிட, ஆளைப் பார்த்து முறையை மாற்றுவதுதான் தப்பு. இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி இல்லை. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

பல வருடத்துக்கு முன்பு வகுப்புத் தலைவன் தேர்தல். வழக்கமாக எல்லோரும் கை தூக்குவார்கள். அந்த வருடம் எனக்குப் பிடித்த பையன் தோற்றுவிடுவான் என்று தெரிந்தது. "இந்த முறை வரிசைத் தலைவர்கள் மட்டும் ஓட்டுப் போடட்டும்" என்றேன். நான் நினைத்தவனே ஜெயித்தான். தோற்ற பையன் ஒன்றும் பேசவில்லை. மதியம் சத்துணவு வரிசையில் என்னைப் பார்த்து, "அடுத்த வருசம் எப்படிங்க சார்?" என்று மட்டும் கேட்டான். கட்டிங் மாஸ்டர் போனில் கேட்டபோது அந்தக் குரல்தான் எனக்குக் கேட்டது. அந்தப் பையன் இதைப் படித்தால், அன்று நான் செய்தது தப்பு, மன்னித்துக்கொள் கண்ணு.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. முறையை மாற்றும் உரிமை சட்டமன்றத்துக்கு இருக்கட்டும். ஆனால் மாற்றினால், அது அடுத்து வரும் தேர்தலுக்குப் பொருந்தாது, அதற்கும் அடுத்த தேர்தலிலிருந்துதான் என்று சட்டத்திலேயே எழுதட்டும். அப்போது யார் ஆட்சியில் இருப்பார்கள் என்று எவருக்கும் தெரியாது. யாருக்கு லாபம் என்று தெரியாமல் போடும் விதிதான் நியாயமான விதியாக இருக்கும்.

2016 அக்டோபரில் பழங்குடியினர் இடஒதுக்கீடு வழக்கில் உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிப்பை ரத்து செய்தது. அதன்பின் ஐந்து வருடத்துக்கு மேல் தனி அலுவலர்தான். தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்ல வார்டுக்கு ஓர் ஆள் இல்லாமல் இருந்தோம். இப்போதுள்ள கவுன்சில்களின் காலம் 2027 மார்ச்சில் முடிகிறது. அதற்குள் உங்கள் பகுதி எம்.எல்.ஏ. எந்தக் கட்சியானாலும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாக எழுதுங்கள். கட்சிச் சண்டை மட்டும் வேண்டாம். வாத்தியார் இன்னும் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.