கலாம் பேப்பர் போட்டார், அதனால்...?

மே மாதம் வந்துவிட்டால் போதும், வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்ற ஆரம்பித்துவிடும். "அப்துல் கலாம் சின்ன வயதில் பேப்பர் போட்டார். இன்றைய பிள்ளைகளுக்கு உழைப்பின் அருமை தெரியுமா?" கீழே நாற்பது பேர் கை கூப்பியிருப்பார்கள். அனுப்புகிறவர்களின் பிள்ளைகள் அந்நேரம் ரோபாட்டிக்ஸ் கோடை வகுப்பில் ஏசி அறையில் இருப்பார்கள் என்பது வேறு விஷயம் :-)

சின்ன வயதுப் பொழுதுபோக்கும் முதல் வேலையும் ஒருவரின் பிற்காலத் தொழிலை வடிவமைக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. என் கதையே சாட்சி. ஊரில் பத்தாவது முடித்த லீவில் டைப்ரைட்டிங் லோயர். பிளஸ் ஒன் படிக்கும்போது ஒரு மளிகைக்கடையில் சாயங்காலம் இரண்டு மணி நேரம் சிட்டை எழுதும் வேலை. பி.காம் முதல் வருடம் பற்று, வரவு என்று பேராசிரியர் ஆரம்பித்ததும் பக்கத்தில் இருந்தவன் முழித்தான். எனக்கு அண்ணாச்சியின் சிட்டைதான் ஞாபகம் வந்தது. மாட்டுங்காவில் வந்து குடியேறிய நம் முந்தைய தலைமுறையில் எத்தனையோ பேரை பம்பாய்க்கு ரயில் ஏற்றியதும் டைப்ரைட்டிங்கும் சுருக்கெழுத்தும்தானே. இன்று நான் கல்யாணில் ஃபாஸ்ட் லோக்கல் பிடித்து வங்கிக்குப் போவதற்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

ஆனால் கொஞ்சம் கவனியுங்கள். நான் சிட்டை எழுதியது இரண்டே மணி நேரம். அதுவும் பள்ளி விட்ட பிறகு, பதினாறு வயதில். அந்தக் காசை நம்பி வீட்டில் உலை வைக்கவில்லை. இந்த மூன்றில் ஒன்று மாறியிருந்தாலும் நான் இன்று அதே கடையில் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்திருப்பேன். என் கதையைச் சொல்லும்போது இந்த மூன்றையும் விட்டுவிட்டால் அது அரைக் கதை. அரைக் கதையை வைத்து அடுத்தவன் பிள்ளைக்கு உபதேசம் பண்ணக்கூடாது.

கலாம் கதையும் அப்படித்தான் பாதியில் வெட்டப்படுகிறது. 'அக்னிச் சிறகுகள்' படித்தவர்களுக்குத் தெரியும். இரண்டாம் உலகப் போர் சமயம். ராமேஸ்வரத்தில் ரயில் நிற்பது நிறுத்தப்பட்டது. ஓடும் ரயிலிலிருந்து வீசப்படும் பேப்பர் கட்டுகளைச் சேகரிக்க, ஏஜென்சி வைத்திருந்த உறவினர் சம்சுதீனுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. சிறுவன் கலாம் போனார். சரி. அதே புத்தகத்தில் இன்னொன்றும் இருக்கிறது. சென்னை எம்.ஐ.டி.யில் சேர ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் வேண்டியிருந்தது. அக்கா சோஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். வங்கிக்காரன் என்பதாலோ என்னவோ, என் கண்ணுக்குப் பேப்பர் கட்டைவிட அந்த நகைதான் பெரிதாகத் தெரிகிறது. பேப்பர் போட்டும் பள்ளிக்கூடம் நிற்கவில்லை, படிப்புக்குப் பணம் வந்தது. விஞ்ஞானி உருவானது அதனால். பேப்பர் மட்டும் போட்டுக்கொண்டே இருந்திருந்தால்?

பொழுதுபோக்கு மட்டும் என்ன வாழ்கிறது? விஸ்வநாதன் ஆனந்த் ஆறு வயதில் அம்மாவிடம் செஸ் கற்றார், 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். (லயோலாவில் பி.காம், நம்ம ஆள்!) அவர் திறமையில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் எதிரே உட்கார்ந்து காய் நகர்த்த ஓய்வுள்ள ஒரு அம்மா வீட்டில் இருந்தார். காலை நாலு மணிக்கே எழுந்து தாராவியில் இட்லி அவித்து விற்கக் கொடுத்தனுப்பும் அம்மாவுக்கு அந்த ஓய்வு எங்கிருந்து வரும்?

இனி சட்டத்துக்கு வருவோம். 1986-ம் வருடத்துக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-ல் திருத்தப்பட்டது. 14 வயதுக்குட்பட்டவர்களை எந்த வேலையிலும் வைக்கக்கூடாது என்றார்கள். கைதட்டினோம். அடுத்த வரியிலேயே ஒரு விலக்கு: பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம். குடும்பம் என்றால் அப்பா அம்மா மட்டும் இல்லை. பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை, சித்தி எல்லோரும் சேர்த்தி. 2017 விதிகளில் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது, இரவு 7 முதல் காலை 8 வரை கூடாது என்று இருக்கிறது. பத்துக்குப் பத்து அறையில் மேலே பரணில் தையல் மெஷின், கீழே குடித்தனம். அங்கே எந்த இன்ஸ்பெக்டர் வந்து கடிகாரம் பார்ப்பார்? யாரைக் கேட்டாலும் "மாமா பட்டறை சார்" என்று சொன்னால் முடிந்தது.

இந்த மூன்று மணி நேரக் கணக்கைத் தமிழன் முன்பே பார்த்துவிட்டான். 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டம். பிள்ளைக்குப் பள்ளி மூன்று மணி நேரம், மீதி நேரம் பெற்றோரின் தொழில். குலக்கல்வி என்று பெரியாரும் தி.மு.க.வும் எதிர்த்தார்கள், காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு. 1954-ல் ராஜாஜி விலகினார், காமராஜர் வந்து திட்டத்தைக் கைவிட்டார். இன்று பள்ளி நேரம் குறையவில்லைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சவரம் செய்பவர் பிள்ளை சவரக்கத்தியோடு மாலையைக் கழிக்கலாம் என்று சட்டமே சொன்னால் அதற்கு என்ன பெயர்?

"அப்போ பிள்ளைகள் வீட்டு வேலையே செய்யக்கூடாதா? கடையில் அப்பாவுக்கு ஒத்தாசை பண்ணினால் தப்பா?" என்று கேட்பீர்கள். தப்பே இல்லை. அம்மாவுக்கு மாவரைத்துக் கொடுக்கட்டும், கல்லாவில் உட்கார்ந்து கணக்குப் பழகட்டும். அந்தப் பிள்ளை இன்று வராவிட்டால் பட்டறை ஓடுமா என்று கேட்டுப் பாருங்கள். ஓடும் என்றால் அது ஒத்தாசை. ஓடாது என்றால் அது வேலை, அந்த வேலைக்குப் பெரியவர் ஒருவருக்குக் கூலி கொடுத்தாக வேண்டும்.

இன்னொரு கொடுமை, இப்படி வளர்ந்தவன் கற்றதற்கு மதிப்பும் கிடையாது. ஓர் அலுவலகத்தில் அப்ரண்டிஸ் தேர்வு, குழுவில் நானும் இருந்தேன். ஒரு பையன் பொழுதுபோக்கு என்ற இடத்தில் டிரோன், கிடார் என்று எழுதியிருந்தான். இன்னொருவன் தாராவிப் பையன், அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தான். கேட்டால், பதினோரு வயதிலிருந்து மாமாவின் ரெடிமேட் பட்டறையில் பீஸ் எண்ணிக் கூலிக் கணக்குப் போட்டானாம். வாரக் கூலிப் பட்டியலை மனதிலேயே கூட்டிச் சொன்னான். நான் அவனுக்காக வாதாடினேன். "ஆல்ரவுண்டர்" என்று சொல்லி டிரோனைத்தான் எடுத்தார்கள். அப்பா கட்டிய ஃபீஸுக்கு மார்க், அவன் இழந்த சாயங்காலங்களுக்கு சைபர்!

ஆகவே நான் கேட்பது இரண்டுதான். வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் பொழுதுபோக்குக் கேள்விக்கு மார்க் போடுவதை நிறுத்துங்கள். அது பெற்றோரின் பர்ஸை அளக்கும் கேள்வி. அரசாங்கம் குடும்பத் தொழில் விலக்கை எடுத்துவிட்டு, அந்தக் குடும்பத்துக்குப் போகும் வருமானத்தை உதவித்தொகையாகப் பிள்ளையின் பள்ளி வழியாகக் கொடுக்கட்டும். பதினான்கு வயது வரை சாயங்காலம் பிள்ளையுடையது. அதில் அவன் பட்டம் விட்டாலும் சரி, சும்மா உட்கார்ந்திருந்தாலும் சரி.