இன்ஜினை மாற்றினால் ஆட்டம் மாறுமா?

2010 செப்டம்பரில் ஈஏ ஸ்போர்ட்ஸ் தன் புதிய கூடைப்பந்து வீடியோ கேமின் மாதிரிப் பதிப்பை ரசிகர்கள் ஆடிப் பார்க்க வெளியிட்டது. பெயர் ‘என்பிஏ எலீட் 11’. சில நாட்களிலேயே ஒரு காணொளி பரவத் தொடங்கியது. மைதானத்தின் நட்டநடுவில் லேக்கர்ஸ் அணியின் ஏழடி உயர ஆண்ட்ரூ பைனம், இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்துக்கொண்டு சிலையாக நிற்கிறார். மற்ற ஒன்பது பேரும் அவர் அங்கே இருப்பதையே கவனிக்காமல் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். உலகம் சிரித்தது. அக்டோபர் 5 அன்று கடைக்கு வந்திருக்க வேண்டிய கேம் முதலில் தள்ளிவைக்கப்பட்டது, நவம்பரில் ரத்தே செய்யப்பட்டது. தப்பித்தவறிக் கைமாறிய சில பிரதிகளைச் சேகரிப்பாளர்கள் இன்றும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தக் கேமைச் செய்தவர்கள் சோம்பேறிகள் அல்லர். நேர்மாறாக, கூடைப்பந்து கேம்களின் அடிப்படையையே மாற்றிக் காட்ட முயன்றவர்கள். முன்கூட்டியே பதிவுசெய்த அசைவுகளை அடுத்தடுத்து ஓட்டுவதை விட்டுவிட்டு, வீரரின் கையும் காலும் அந்தந்தக் கணத்தில் ஆடுபவரின் விரலுக்குக் கட்டுப்பட வேண்டும், உடலோடு உடல் மோதினால் இயற்பியல் விதிப்படி விளைவு வர வேண்டும் என்பது திட்டம். ஐஸ் ஹாக்கி கேமில் பெயர் வாங்கிய ஆளையே இதற்குத் தலைமை தாங்க அழைத்துவந்தார்கள். இன்று ரசிகர்கள் எதைக் கேட்கிறார்களோ, ஏறக்குறைய அதைத்தான் அன்று ஈஏ செய்யப் பார்த்தது. அதே அக்டோபர் 5 அன்று, மைக்கேல் ஜோர்டானை அட்டையில் போட்டுக்கொண்டு போட்டி நிறுவனத்தின் ‘என்பிஏ 2கே11’ வந்தது. களம் கைமாறிவிட்டது.

ஆண்டுதோறும் செப்டம்பரில் புதிய 2கே வெளிவந்ததும் ஒரு கோரிக்கை எழும்: இதற்குப் புது இன்ஜின் வேண்டும். கோபத்தில் நியாயம் உண்டு. முழு விலை கொடுத்து வாங்கிய கேமில் போன ஆண்டு பார்த்த அதே டங்க், அதே தடுமாற்றம், பந்து கையை ஊடுருவிப் போகும் அதே காட்சி. ஆனால் கேட்கப்படும் மருந்து நோய்க்குப் பொருந்தவில்லை.

இன்ஜின் என்று ஒற்றைச் சொல்லில் சொல்லிவிடுகிறோமே தவிர அது ஒரே பொருளல்ல. ஒளியையும் நிழலையும் திரையில் வரைவது ஒரு பகுதி. மோதலையும் எடையையும் கணக்கிடுவது இன்னொன்று. அசைவுகளைத் தேர்ந்து கோப்பது, கணினி வீரர்களை யோசிக்க வைப்பது, இரண்டு ஊர்களில் இருப்பவர்களை ஒரே ஆட்டத்தில் இணைப்பது என்று அடுக்கடுக்காகப் பல. இவற்றில் எதையும் தனியே பிரித்து மாற்றலாம், பெரும்பாலும் அப்படித்தான் மாற்றுகிறார்கள். ‘கால் ஆஃப் டூட்டி’ 2003இல் முதன்முதலாக வந்தபோது அது நின்றது 1999ஆம் ஆண்டின் ‘குவேக் 3’ கேமுக்காக எழுதப்பட்ட இன்ஜின்மீது. அந்தப் பரம்பரையிலேயே பகுதி பகுதியாகத் திருத்தி எழுதி, அடையாளம் தெரியாத அளவுக்கு வளர்த்துவிட்டார்கள்.

கூடைப்பந்தில் சிக்கலின் மையம் அசைவுப் பகுதிதான். 94 அடி நீளம், 50 அடி அகலம். அதற்குள் பத்து பேர். அதிலும் பெரும்பாலான நேரம் பத்து பேரும் பாதி மைதானத்துக்குள்ளேயே நெருக்கியடிக்கிறார்கள். கால்பந்தில் கேமரா எட்ட நிற்பதால் வீரரின் கால் புல்லில் சற்று வழுக்கினாலும் கண்ணுக்குத் தப்பிவிடும். இங்கே கேமரா அருகில் இருக்கிறது. மெழுகிட்டுப் பளபளக்கும் மரத்தரையில் ஷூ ஒரு விரற்கடை வழுக்கினாலும் பொய் வெளிப்பட்டுவிடும். போதாததற்கு ஆட்டமே உடலோடு உடல் உரசுவதுதான். ரீபவுண்டுக்காக முதுகால் எதிராளியைத் தள்ளி இடம்பிடிப்பது, கூடையை நோக்கிப் பாய்பவரை நெஞ்சால் மறிப்பது எல்லாம் இரண்டு உடல்கள் சேர்ந்து செய்யும் ஒரே அசைவு.

அந்த அசைவை ஸ்டூடியோவில் மோஷன் கேப்சர் உடை மாட்டிய இருவரை வைத்துப் பதிவுசெய்கிறார்கள். பதிவில் இருவருக்கும் இடையே இருந்த தூரமும் கோணமும் ஆட்டத்தின்போது அப்படியே அமையுமா? அமையாது. உடனே கணினி ஒருவரைக் கொஞ்சம் இழுக்கும், மற்றவரைக் கொஞ்சம் திருப்பும். திரையில் பார்ப்பவருக்குக் காந்தம் இழுத்ததுபோல வீரர் போய் ஒட்டிக்கொள்வதாகத் தெரியும். அந்த அசைவு முடியும்வரை கன்ட்ரோலரில் எந்தப் பட்டனை அழுத்தினாலும் பயனில்லை. அசைவை நடுவிலேயே வெட்ட அனுமதித்தால் கட்டுப்பாடு திரும்பிவிடும். ஆனால் வீரர்கள் பொம்மைபோல வெட்டிவெட்டி ஆடுவார்கள். அழகா, கட்டுப்பாடா என்ற இந்த இழுபறி எந்த இன்ஜினைக் கொண்டுவந்தாலும் கூடவே வரும். ஈஏ 2010இல் முட்டி மோதியதும் இதே சுவரில்தான்.

இன்ஜினைத் தொடாமலே இதில் முன்னேற வழி உண்டு. 2017இல் வந்த யுபிசாஃப்டின் ‘ஃபார் ஹானர்’, பெரிய அசைவுக் களஞ்சியத்திலிருந்து நொடிக்குப் பலமுறை மிகப் பொருத்தமான நிலையைத் தேடி எடுக்கும் முறையைப் பெரிய அளவில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ‘ஃபிஃபா 22’க்காக 22 வீரர்களுக்கும் உணரி உடை மாட்டி முழு ஆட்டத்தையே பதிவுசெய்தார்கள். 2கே நிறுவனமும் சும்மா இருக்கவில்லை: ‘என்பிஏ 2கே24’இல் உண்மையான என்பிஏ ஆட்டங்களின் காட்சிப்பதிவிலிருந்தே அசைவுகளை உருவாக்கும் ‘புரோபிளே’ வந்தது. ஸ்டீஃபன் கரியின் ஷாட் கரியின் ஷாட்டாகவே தெரிகிறது. குறை அனைத்தும் தீர்ந்துவிடவில்லை என்றாலும், கண்ணுக்குத் தெரிந்த மாற்றங்களில் பெரியது அதுதான்.

இன்ஜினையே தூக்கிப் போட்டவர்களின் கதை என்ன? 2013இல் ஈஏ, ‘இக்னைட்’ என்ற புது இன்ஜினை ஆரவாரத்தோடு அறிமுகப்படுத்தியது. எலீட் தோல்விக்குப் பின், ‘என்பிஏ லைவ் 13’ஐயும் வெளியிடாமலே கைவிட்டிருந்த நிறுவனம், அதன்மீது கட்டிய ‘லைவ் 14’உடன் திரும்பிவந்தது. விமர்சகர்கள் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். 2021 செப்டம்பர் 30 அன்று கொனாமி, தன் புகழ்பெற்ற கால்பந்து கேமை ‘ஃபாக்ஸ்’ இன்ஜினிலிருந்து ‘அன்ரியல்’ இன்ஜினுக்கு மாற்றி ‘ஈஃபுட்பால் 2022’ என்று வெளியிட்டது. வீரர்களின் முகங்கள் கோணின, பந்து போகிற போக்கில் போனது, கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் பயனர் மதிப்பீடு பாதாளத்துக்கு இறங்கியது, நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. உருப்படியான 1.0 பதிப்பு வர அடுத்த ஏப்ரல் ஆயிற்று. இத்தனைக்கும் கொனாமி அதற்கு முந்தைய ஆண்டில் புது கேம் செய்யாமல், பழையதற்கே ‘சீசன் அப்டேட்’ என்று பெயரிட்டுக் குறைந்த விலைக்கு விற்று நேரம் வாங்கியிருந்தது. ஓராண்டு இடைவெளி போதவில்லை.

‘ஃபிஃபா 17’ வேறு விதம். துப்பாக்கிச் சண்டை கேம்களுக்காக உருவான ‘ஃப்ராஸ்ட்பைட்’ இன்ஜினுக்கு 2016இல் அது விபத்தின்றி மாறியது. கிடைத்தது என்ன? அழகான ஒளியும், அலெக்ஸ் ஹண்டர் என்ற இளைஞரின் கதையும். ஆட்டத்தின் இயல்பு பழைய வழியிலேயே போனது. புகார்களும் அப்படியே.

இதற்கு மறுமொழியாக ரசிகர்கள் ‘2கே21’ஐக் காட்டுவார்கள், காட்டுவதும் சரி. 2020 நவம்பரில் பிளேஸ்டேஷன் 5, புதிய எக்ஸ்பாக்ஸ் ஆகியவற்றோடு வந்த அந்தப் பதிப்பு, புதிய கன்சோல்களுக்காக அடியிலிருந்து மறுபடி கட்டப்பட்டது. கால்கள் தரையில் பதிந்தன, உடல் மோதலில் எடை தெரிந்தது. பெரிய நிறுவன கேம் ஒன்றுக்கு 70 டாலர் என்ற புதிய விலையைத் தொடங்கிவைத்த பெருமையும் அதற்கே! ஆனால் அது எப்படிச் சாத்தியமாயிற்று என்பதையும் பார்க்க வேண்டும். பழைய கன்சோல்களுக்கான ‘2கே21’ அதே ஆண்டு செப்டம்பரிலேயே, போன ஆண்டுக் கேமின் சாயலில் கடைக்குப் போய்விட்டது. பழையது விற்றுக்கொண்டிருக்கும்போது புதியது பின்கட்டில் தயாரானது. அதற்கான விலையைச் செலுத்தியவர்கள் கணினியில் ஆடுபவர்கள். ‘2கே21’ முதல் ‘2கே24’ வரை நான்கு பதிப்புகளிலும் அவர்களுக்குப் பழைய தலைமுறைப் பதிப்பே கொடுக்கப்பட்டது. 2023இல் ‘2கே24’ ஸ்டீமில் மிக மோசமான மதிப்பீடு பெற்ற கேம்களின் வரிசையில் போய் உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 2024 செப்டம்பரில் ‘2கே25’ வந்த பிறகே கணினிக்குப் புதிய தலைமுறை கிடைத்தது.

ஆக, குறை இருக்குமிடம் நாட்காட்டி. என்பிஏ பருவம் அக்டோபரில் தொடங்குகிறது. அதற்குமுன் புதுச் சட்டையோடும் புது வீரர்களோடும் கேம் கடையில் இருந்தாக வேண்டும். பன்னிரண்டு மாதங்களில் அடிப்படையை மாற்றச் சொல்வது, பந்தி நடந்துகொண்டிருக்கும்போதே அடுப்பை இடித்துக் கட்டச் சொல்வது. ‘கால் ஆஃப் டூட்டி’யும் ஆண்டுதோறும் வருவதுதான். ஆனால் அங்கே ட்ரெயார்க், இன்ஃபினிட்டி வார்ட் போன்ற ஸ்டூடியோக்கள் முறைவைத்துப் பொறுப்பேற்பதால் ஒவ்வொன்றுக்கும் சில ஆண்டுகள் கிடைக்கின்றன. 2கே தொடரை 1999இல் சேகாவின் ட்ரீம்காஸ்டுக்காகத் தொடங்கிய விஷுவல் கான்செப்ட்ஸ்தான் இன்றுவரை தொடர்ந்து செய்துவருகிறது.

ஓய்வு கொடுத்தால் அதே விஷுவல் கான்செப்ட்ஸ் என்ன செய்யும் என்பதற்குச் சான்று மல்யுத்தத்தில் இருக்கிறது. நெடுங்காலம் கூட்டாளியாக இருந்த ஜப்பானிய நிறுவனமான யூக்ஸ் விலகிக்கொள்ள, 2019 அக்டோபரில் ‘டபிள்யூடபிள்யூஈ 2கே20’ஐ இந்த ஸ்டூடியோ தனியே வெளியிட்டது. முகங்கள் உருகின, உடல்கள் கயிற்றுக்குள் சிக்கின; 2020 புத்தாண்டு பிறந்ததும் கேம் திறக்கவே மறுத்தது. அடுத்த ஆண்டுக் கேமை ரத்துசெய்தார்கள். இடைவெளியை நிரப்ப, வேறொரு ஸ்டூடியோ செய்த ‘பேட்டில்கிரவுண்ட்ஸ்’ என்ற விளையாட்டுத்தனமான கேம் வந்தது. 2022 மார்ச்சில் ‘டபிள்யூடபிள்யூஈ 2கே22’ வெளியானபோது ஆட்டமுறையே புதிதாக இருந்தது. ரசிகர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள்.

விடுமுறை மந்திரக்கோல் அல்ல என்பதும் உண்மை. சொந்த இன்ஜினிலிருந்து ‘யூனிட்டி’க்கு மாறுவதற்காக ‘ஃபுட்பால் மேனேஜர் 25’ஐ இருமுறை தள்ளிவைத்து, 2025 பிப்ரவரியில் ரத்தே செய்தது ஸ்போர்ட்ஸ் இன்டராக்டிவ். முன்பதிவுப் பணம் திரும்பிப் போனது. நவம்பரில் வந்த அடுத்த பதிப்பின் மெனுக்களைப் பார்த்துப் பழைய ரசிகர்கள் பலர் பொங்கிவிட்டார்கள். இருந்தும் பாதி வெந்ததை அந்த ஆண்டே காசுக்கு விற்காமல் நிறுத்திக்கொண்ட மரியாதை அவர்களுக்கு உரியது.

கூடைப்பந்தில் இந்த மரியாதையை எதிர்பார்க்க முடியாததற்குக் காரணம் கடை. கேமுக்குள்ளே விசி என்று ஒரு நாணயம் உண்டு. ஆடுபவர் உருவாக்கும் வீரர் 60 புள்ளித் திறனோடு கத்துக்குட்டியாகத் தொடங்குவார். அவரைத் தேற்றி எடுக்க வாரக்கணக்கில் ஆட வேண்டும், இல்லையேல் உண்மையான பணம் கொடுத்து விசி வாங்க வேண்டும். அடுத்த செப்டம்பரில் புதுப் பதிப்புக்குப் போனால் மறுபடி பூஜ்யத்திலிருந்து. ‘2கே18’இல் தலைமுடி வெட்டிக்கொள்வதற்குக்கூட விசி கேட்டார்கள். ‘2கே21’இல் காத்திருப்புத் திரையில் தவிர்க்க முடியாத விளம்பரத்தை ஓட்டிவிட்டுப் பிறகு வருத்தம் தெரிவித்தார்கள். தாய் நிறுவனமான டேக்-டூவின் வருவாயில் பெரும்பங்கு, மொபைல் கேம்களையும் சேர்த்து, இப்படி கேமுக்குள் தொடர்ந்து செலவழிக்கப்படும் பணத்திலிருந்தே வருகிறது. ஆண்டுக்கொரு முறை எல்லாரையும் பூஜ்யத்துக்கு அனுப்புவதில் லாபம் இருக்கும்வரை நாட்காட்டி மாறாது. நாளையே உலகின் ஆகச்சிறந்த இன்ஜினைக் கொண்டுவந்து பொருத்தினாலும், அதே விசி கடை கூடுதல் ஒளியில் மின்னும், அவ்வளவுதான்.

போட்டியும் இல்லை. 2018இல் வந்த ‘என்பிஏ லைவ் 19’க்குப் பிறகு ஈஏ கன்சோல் பக்கம் என்பிஏ கேம் எதையும் கொண்டுவரவில்லை. கல்லூரிக் கூடைப்பந்து கேமை மீட்டெடுப்பதாக 2025இல் அறிவித்திருக்கிறது. வந்தால் ஓரளவு உறைக்கலாம்.

புது வீரர் பட்டியலுக்காக மட்டும் புது கேம் தேவையில்லை என்பது இந்திய ரசிகர்களுக்குத் தெரியாததல்ல. ஈஏவின் ‘கிரிக்கெட் 07’ 2006இல் வந்தது. அதற்குப் பின் அந்த நிறுவனம் கிரிக்கெட்டையே விட்டுவிட்டது. ரசிகர்கள் தாங்களே புதுச் சட்டை, புது அணி, புது மைதானம் சேர்த்து அதை ஆண்டுக்கணக்கில் ஓட்டினார்கள். ஊதியம் வாங்காதவர்களால் முடிந்ததை நிறுவனம் நியாயமான விலைக்குச் செய்து தரலாம். அந்த வழியில் ஒரு அடி எடுத்து வைத்திருப்பதும் ஈஏதான்: 2026 ஃபார்முலா 1 பருவத்துக்குத் தனி கேம் கிடையாது, ‘எஃப்1 25’க்கே கட்டண விரிவாக்கம் வரும், முழுப் புது கேம் 2027இல் என்று அறிவித்திருக்கிறது.

என்பிஏவுடனும் வீரர்கள் சங்கத்துடனும் டேக்-டூ ஏழாண்டுகளுக்கு 110 கோடி டாலர் வரை மதிப்புள்ள ஒப்பந்தம் போட்டதாக 2019இல் செய்தி வெளியானது. இவ்வளவு பணம் கொடுத்தவர் ஓராண்டைச் சும்மா விடுவாரா? உரிமம் தரும் லீக்கும் தன் வருமானத்தில் ஓராண்டு குறைவதை விரும்பாது. ஆகவே ரசிகர்கள் கேட்க வேண்டியது வேறு: இடையில் ஓராண்டு, வீரர் பட்டியலையும் சட்டைகளையும் மட்டும் பாதி விலைக்குப் புதுப்பித்துத் தரட்டும், வாங்கிய விசியும் கேமுக்குள் சேர்த்த வீரர் அட்டைகளும் அந்த ஆண்டு செல்லாமல் போகாதிருக்கட்டும். அதற்கு இடம் தரும் ஒரு வரி அடுத்த உரிம ஒப்பந்தத்தில் ஏற வேண்டும். அதை எழுதும் மேசையில் புரோகிராமர்கள் உட்கார்வதில்லை.