பாதியில் நிற்கும் வேலை குப்பையன்று

பக்கவாதத்திற்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பும் நோயாளிகளின் குடும்பத்தாரிடம் பல ஆண்டுகளாக நான் ஒரே அறிவுரையைச் சொல்லிவந்தேன்: "வீட்டை ஒழுங்குபடுத்தி வையுங்கள், தேவையில்லாத பொருள்களை அப்புறப்படுத்திவிடுங்கள்." நடக்கும் வழியில் காலில் இடறும் எதுவும் இருக்கக் கூடாது என்பதே என் நோக்கம். தேவை எது, தேவையில்லாதது எது என்று முடிவுசெய்ய வேண்டியவர் யார் என்பதை நான் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ண வைத்தவர் ஒரு நோயாளி. அவரும் அவருடைய துணைவியாரும் இசைவு தந்ததால், அடையாளம் தெரியாதவாறு சில விவரங்களை மாற்றி அவரைப் பற்றி இங்கே எழுதுகிறேன்.

அவருக்கு 68 வயது. சென்னையில் சொந்த வீடு. மொட்டைமாடியில் தகரக் கூரை போட்ட சிறிய அறை. பணியிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு அவருடைய பகல்பொழுது பெரும்பாலும் அந்த அறையிலேயே கழிந்தது. பழைய வால்வு வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்ப்பது அவருக்கு இளமையிலிருந்தே பழக்கம். மூர் மார்க்கெட் 1985ஆம் ஆண்டு தீக்கிரையாவதற்கு முன்பு அங்கே வாங்கிய வால்வுகளைக்கூட அட்டைப்பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார். நோய்வாய்ப்பட்டபோது அறையில் 11 வானொலிப் பெட்டிகள் இருந்தன. ஒன்றுகூட முழுமையாக இல்லை. ஒன்றுக்கு மின்தேக்கிகள் மாற்ற வேண்டும். ஒன்றின் மரக்கூடு மட்டும் மெருகேறியிருந்தது, உள்ளே எதுவும் இல்லை. மற்றொன்று பாடியது, ஆனால் இரைச்சல் அடங்கவில்லை. ரிச்சித் தெருவுக்குப் போகும்போதெல்லாம் ஒரு பெட்டிக்கான பாகத்தைத் தேடிப்போய் வேறொரு பெட்டிக்கான பாகத்துடன் திரும்புவார் என்று அவர் மனைவி சொன்னார்.

மருத்துவமனையில் இருந்த நாள்களில் அவருடைய வலக்கை மெல்ல அசையத் தொடங்கியது. விரல் பயிற்சி அளிக்க வந்த இயன்முறை மருத்துவரிடம் அவர் நாள்தோறும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "இந்த விரல் சால்டரிங் கோலைப் பிடிக்குமா?" அதே நாள்களில், என் அறிவுரையைச் சிரமேற்கொண்ட அவருடைய பிள்ளைகள் மாடி அறையை ஒரு திருகாணி மிச்சமில்லாமல் காலிசெய்து, எல்லாவற்றையும் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிட்டார்கள். அறைக்கு வெள்ளையடித்து, கட்டில் போட்டு, மின்விசிறியும் மாட்டினார்கள். அவ்வளவும் அன்பினால் செய்தவை.

மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தார். கையின் வலு நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகத் தேறியிருந்தது. ஆனால் அந்தக் கையை அவர் பயன்படுத்தவே இல்லை. பயிற்சிகளை நிறுத்தி ஒரு மாதமாகியிருந்தது. காரணம் கேட்டேன். யார்மீதும் குறை சொல்லாமல், "எதற்காகப் பழக வேண்டும், டாக்டர்?" என்று மட்டும் கேட்டார்.

பக்கவாதம் கண்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு ஏற்படுவதுண்டு. அது மூளையில் நேர்ந்த பாதிப்பாலும் வரும். வாழ்க்கை மாறிப்போனதாலும் வரும். ஆகவே, அறை காலியானதால்தான் அவர் சோர்ந்துபோனார் என்று நான் அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். மனச்சோர்வுக்கு உரிய சிகிச்சையையும் தொடங்கினோம். எனினும் ஒன்று எனக்கு ஐயமின்றித் தெரிந்தது. அந்தக் கை திரும்பிப் போய்ச் செய்வதற்கென்று வைத்திருந்த வேலையை, என் அறிவுரை வழியாக, நாங்கள் எடுத்துவிட்டிருந்தோம்.

முடிக்காத வேலை மனிதரை என்ன செய்கிறது என்பதைப் பற்றி உளவியலில் பழைய ஆய்வுகள் உண்டு. முடித்த வேலைகளைவிட முடிக்காதவையே நன்றாக நினைவில் நிற்கின்றன என்று 1927ஆம் ஆண்டு பெர்லினில் புளூமா ஸைகார்னிக் எழுதினார். அம்முடிவைப் பிற்கால ஆய்வுகள் எப்போதும் உறுதிசெய்யவில்லை. ஆனால் அடுத்த ஆண்டே மரியா ஒவ்சியாங்கினா வெளியிட்ட முடிவு அதைவிட வலுவாக நிற்கிறது: இடையில் தடைபட்ட வேலையை, வாய்ப்புக் கிடைத்ததும், யாரும் தூண்டாமலே மனிதர் மீண்டும் தொடர முற்படுகிறார். மறுவாழ்வுச் சிகிச்சையில் நாங்கள் நாடுவதும் இந்த முனைப்பைத்தான். ரப்பர் பந்தை நூறு முறை அழுத்துவதைவிட, தமக்குப் பொருளுள்ள ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்து பழகும் கை நன்றாகத் தேறுகிறது. அத்தகைய செயல் ஏற்கெனவே வீட்டில் மேசைமேல் காத்திருக்கும்போது, நாம் ஏன் அதை மூட்டை கட்டுகிறோம்?

குடும்பத்தாரின் பக்கத்தையும் நான் அறிவேன். அந்த அம்மையார் என்னிடம் சொன்னார்: "இருபது வருஷமாக அந்தத் தூசியைக் கூட்டியவள் நான். எலி குடித்தனம் நடத்தியது. தின்னர் டப்பா ஒருநாள் கவிழ்ந்து வீடெல்லாம் நெடி. கேட்டால், இந்த மாதம் முடித்துவிடுகிறேன் என்பார்." அவர் சொன்னதில் பொய்யில்லை. ஒருவருடைய பொழுதுபோக்கு இன்னொருவருடைய உழைப்பில் நடந்துகொண்டிருந்தது. நோயாளியைக் கவனிக்கும் பொறுப்பும் சேர்ந்துகொண்டபோது, அந்தச் சுமையில் ஒன்றையாவது இறக்கிவைக்க அவர் விரும்பியது நியாயமே. குவிந்த பொருள்கள் உடையவரையும் வருத்துவதுண்டு. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். ஆண்டுக்கணக்கில் ஆறிப்போன வேலைகள் மேசையிலிருந்து தம்மைக் குற்றம்சாட்டுவதுபோல் உணர்ந்து, அறைப்பக்கமே போகாதவர்களையும் நான் சந்தித்திருக்கிறேன்.

ஆகவே எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. தரை வேறு, மேசை வேறு என்கிறேன்.

தரையைப் பொறுத்தவரை விட்டுக்கொடுக்க இடமில்லை. கதவிலிருந்து நாற்காலி வரை தடையற்ற வழி வேண்டும். குறுக்கே கிடக்கும் மின்கம்பிகளும் ஆடும் முக்காலியும் அங்கே இருக்கலாகாது. வெளிச்சம் போதுமான அளவு இருக்க வேண்டும். நீரிழிவினால் பாதம் மரத்துப்போனவருக்குத் தரையில் கிடக்கும் ஓர் ஆணியே போதும். குத்தியது தெரியாமல் நடந்து, புண் சீழ்பிடித்த பிறகு எங்களிடம் வருவார். ஆகவே பட்டறைக்குள் செருப்பு கட்டாயம். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவர் கீழே விழுந்து தலையில் அடிபட்டால், வெளிக்காயம் இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

கேடு விளைவிக்கும் பொருள்களிலும் விட்டுக்கொடுக்க முடியாது. வீட்டில் ஆக்சிஜன் பயன்படுத்துவோர் அருகில் தின்னர், பெட்ரோல், சூடேறும் கருவிகள் ஆகியவற்றுக்கு இடமே இல்லை. மரத்தூள் ஆஸ்துமாவைத் தூண்டும்; நீண்டகாலம் சுவாசித்தால் மூக்கிலும் அதைச் சுற்றிய அறைகளிலும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. சால்டரிங் செய்யும்போது எழும் புகை ஈயப்புகை என்று பலர் அஞ்சுகிறார்கள். அந்தப் புகை பெரும்பாலும் பிசினிலிருந்து வருவது. அது மூச்சுக்குழாயை உறுத்தும். ஈயமோ விரல்வழியே வாய்க்குப் போகிறது. ஆகவே கைகழுவாமல் காபிக் கோப்பையைத் தொடக் கூடாது. சுழலும் துளைப்பான் முன் தொளதொளத்த சட்டையும் கையுறையும் ஆபத்தானவை. துணி சிக்கினால் கையையும் இழுத்துக்கொள்ளும். பேஸ்மேக்கர் பொருத்தியவர் ஒலிபெருக்கிக் காந்தத்தை மார்பிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளிவைக்க வேண்டும். வெல்டிங் செய்வதற்கு முன் இதயநோய் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

மேசை அப்படியன்று. அதன்மேல் இருப்பவற்றைப் பற்றிய தீர்ப்பு, இயன்றவரை, உடையவருக்கே உரியது. அவரை நாற்காலியில் உட்காரவைத்து, ஒவ்வொரு பொருளாக எடுத்துக் காட்டுங்கள். இருபது நிமிடத்திற்கு மேல் நீட்டிக்க வேண்டாம்; களைப்பு வந்தால் கோபமும் வரும். முடிக்க விரும்புவது எது, வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்பது எது, போகட்டும் என்பது எது என்று அவரே பிரிக்கட்டும். பேச்சு பாதிக்கப்பட்டவராயின் தலையசைப்பும் விரலும் போதும். மருத்துவமனைப் படுக்கையில் இருப்பவருக்குக் கைப்பேசியில் படமெடுத்துக் காட்டலாம். முடிக்க விரும்புபவற்றில் மிகச் சிறியது ஒன்றை மட்டும் மேசையில் விடுங்கள். கொடுக்கப்போகும் பொருள்மீது, என்ன பழுது, எந்தப் பாகம் இல்லை என்று அவர் சொல்லச் சொல்ல ஒரு சீட்டு எழுதி ஒட்டுங்கள். நோய் கடுமையாகி, இனி முடிக்க இயலாது என்று அவரே அறிந்திருக்கும் நிலையிலும் இந்தச் சீட்டு உதவும். அவர் விட்ட இடம் எது என்பது அடுத்தவருக்குத் தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் நரம்பியல் மருத்துவனாகச் சொல்ல வேண்டும். பாதியில் நிற்கும் வேலைகளைப் பார்க்கும்போது, அவர் கடைசியாக ஒரு வேலையை முடித்தது எப்போது என்று கேளுங்கள். எப்போதும் பத்தைத் தொடங்கி இரண்டை முடிப்பவராயின் அது அவர் இயல்பு. முன்பெல்லாம் முடித்துவந்தவர், அண்மைக்காலமாக எதையும் முடிக்கவில்லை என்றால், அதற்குக் காரணம் இருக்கும். கண்புரை, தோள்வலி, மனச்சோர்வு, மறதிநோயின் தொடக்கம் ஆகியவற்றில் எதுவாகவும் இருக்கலாம். அவருடைய குறிப்பேட்டில் எழுத்து வரவரச் சிறுத்துக்கொண்டே வந்திருந்தால், அது பார்க்கின்சன் நோயின் அறிகுறியாக இருக்கக்கூடும். சோம்பல் என்று வீட்டார் பெயர் சூட்டுவதற்கு முன் ஒருமுறை எங்களிடம் காட்டிவிடுங்கள்.

அதுபோலவே, பொருள்கள் பெருகி அறைகள் அவற்றின் பயனுக்கு உதவாமல் போய், எதைக் கழிக்க நேர்ந்தாலும் அவர் தாங்கொணாத துயரத்துக்கு உள்ளானால், அது பொழுதுபோக்கன்று, குவித்துவைக்கும் நோய். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013ஆம் ஆண்டு வெளியிட்ட வகைப்பாட்டில் அது தனி நோயாகவே இடம்பெற்றது. அதற்குச் சிகிச்சை உண்டு. அவர் இல்லாத நேரத்தில் அள்ளிக்கொட்டுவது அந்தச் சிகிச்சையாகாது.

நம் ஊரில் பழையவற்றைக் கழிப்பதற்குப் போகி இருக்கிறது. கருவிகளைத் துடைத்து வரிசையாக வைப்பதற்கு ஆயுத பூசை இருக்கிறது. எந்தச் சமயத்தவரானாலும் இந்த இரண்டு நாள்களின் வேறுபாட்டை அறிவர். நோய்வாய்ப்பட்டவரின் பட்டறைக்குள் நுழையும்போது நாம் பெரும்பாலும் போகியின் மனநிலையுடன் நுழைகிறோம். முதலில் ஆயுத பூசையின் மனநிலையுடன் நுழைந்தால் நல்லது. துடைத்து, அடுக்கி, இன்னது இங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு எதைக் கழிப்பது என்பதை உடையவருடன் சேர்ந்து முடிவுசெய்யலாம்.

அந்த 11 பெட்டிகளில் எதுவும் திரும்ப வரவில்லை. பிள்ளைகள் தேடிப்போனபோது, செம்புக்கம்பிக்காக எல்லாவற்றையும் உடைத்திருந்தார்கள். பேரன் விளையாட எடுத்துவைத்திருந்த திருகுகுமிழ்கள் மட்டும் வீட்டில் மிஞ்சின. சென்ற முறை வந்தபோது, பக்கத்து வீட்டார் கொடுத்த ஒரு டிரான்சிஸ்டரைப் பிரித்து வைத்திருப்பதாகச் சொன்னார். சரியாயிற்றா என்று கேட்டேன். "இன்னும் இல்லை" என்றார். அவருடைய துணைவியார் பெருமூச்சு விட்டார். ஆனால் முகத்தில் சிரிப்பு இருந்தது. கையைப் பார்த்தேன். ஆள்காட்டி விரலில் சிறிய சூட்டுத் தழும்பு. சால்டரிங் கோலைப் பிடித்திருக்கிறார். கவனமாக இருக்கும்படி கண்டித்தேன். கண்டிப்பில் கடுமையில்லை என்பது அவருக்கும் தெரிந்திருக்கும்.

வீட்டுக்கு அனுப்பும்போது நான் சொல்லும் அறிவுரையை மாற்றிக்கொண்டேன். "நடக்கும் வழியைச் சரிசெய்யுங்கள், மற்றதை அவரைக் கேட்டுச் செய்யுங்கள்" என்கிறேன். அதற்கு முன்பே, உள்நோயாளியாக இருக்கும்போது, "வீட்டில் பாதியில் நிற்கும் வேலை என்ன?" என்று கேட்டுக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறேன். தைக்காத இரவிக்கை, வண்ணம் பூசாத கொலுப்பொம்மை, கைப்பிடி போடாத நாற்காலி என்று விடைகள் வருகின்றன. நான் கேட்க மறந்தால் நீங்களே சொல்லுங்கள். மூட்டை கட்டக் கோணிப்பையை எடுப்பதற்கு முன் படுக்கையில் இருப்பவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.