மண்புழுவைக் கொன்றால் அது குடற்புழு மருந்தா?

1/ குடற்புழு நீக்க நாள் நெருங்கினாலே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுத்த ஆரம்பிச்சிடும். இந்த இலை புழுவைக் கொல்லும், ஆராய்ச்சியிலேயே நிரூபிச்சாச்சு, பிள்ளைக்கு எதுக்கு இங்கிலீஷ் மாத்திரை? சில சமயம் கூடவே ஒரு ஆய்வுக் கட்டுரையின் லிங்க்கும் வரும். அந்த மாதிரி கட்டுரைகளில் என்னதான் இருக்கு? கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

2/ முதலில் பாக்டீரியா. ஒரு தட்டில் பாக்டீரியாவை வளர்த்து, அதில் இலைச்சாறு வைப்பார்கள். சுற்றிலும் பாக்டீரியா வளராத வட்டம் தெரிந்தால் 'ஆன்டிபாக்டீரியல்' என்று முடிவு. ஆரம்பம் என்ற அளவில் சரி. ஆனா அதே தட்டில் வினிகர் வச்சாலும் வட்டம் வரும், பினாயில் வச்சாலும் வரும். அதுக்காக பினாயிலை யாரும் குடிக்கிறதில்ல.

3/ சின்ன கணக்கு. ஒரு சாறு வேலை செய்ய 1 மி.லி.க்கு 1 மி.கி. வேணும்னு வைங்க. பெரியவர் உடம்பில் ஏறக்குறைய 40 லிட்டர் நீர் இருக்கு. எல்லா இடத்திலும் அந்த அளவு எட்ட, 40 கிராம் சாரம் முழுசா ரத்தத்தில் சேரணும். நாங்க தரும் ஆன்டிபயாடிக் பலவும் 1 மி.லி.க்கு ஓரிரு மைக்ரோகிராமிலேயே, அதாவது ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கிலேயே வேலையை முடிச்சிடும்.

4/ இப்போ புழு. 'குடற்புழுவைக் கொல்லும் மூலிகை' என்று நம்ம நாட்டு பார்மசி கல்லூரிகளிலிருந்து வரும் கட்டுரைகளில் பெரும்பாலும் சோதனைக்கு எடுப்பது எந்தப் புழு தெரியுமா? மண்புழு! சாற்றில் மண்புழுவைப் போட்டு, எத்தனை நிமிஷத்தில் அசைவு நின்றது, எத்தனை நிமிஷத்தில் செத்தது என்று குறிப்பார்கள். அல்பெண்டசோலை விட வேகமா செத்தா 'சிறந்த மருந்து'.

5/ மண்புழு வளைதசைப் புழு இனம். நம்ம குடலில் இருக்கும் உருளைப்புழு, கொக்கிப்புழு, சாட்டைப்புழு எல்லாம் முற்றிலும் வேறு இனம். மண்புழு ஈரத்தோல் வழியாக மூச்சு விடுவது. உப்பைத் தூவினாலே துடிச்சு செத்துடும். குடற்புழுவோ நம்ம செரிமான நீரிலேயே குடித்தனம் நடத்தும் அளவுக்கு கெட்டியான மேல்தோல் போர்த்தியது. உப்பு குடற்புழு மருந்துன்னு யாராவது சொல்வோமா?

6/ இதில் மாணவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சில மாதத்தில் தீசிஸ் முடிக்கணும், பணம் கிடையாது, மண்புழு தோட்டத்தில் கிடைக்கும். முதல் படியிலேயே நின்றுவிட்டு அதற்கு 'மருந்து' என்று பெயர் சூட்டுவதுதான் தப்பு. அந்தத் தலைப்பை நம்பி ஒரு அம்மா பள்ளிக்கூடத்தில் மாத்திரை வேண்டாம்னு சொல்லிட்டா, இழப்பு அந்தப் பிள்ளைக்குத்தான்.

7/ என்ன இழப்பு? ஒரு கொக்கிப்புழு அதன் வகையைப் பொறுத்து நாளுக்கு 0.03 முதல் 0.2 மி.லி. வரை ரத்தத்தை இழக்க வைக்கும். துளிதான். வயிற்றில் நூறு புழு இருந்தா? மாசக்கணக்கில்? வகுப்பில் தூங்கி வழியும் பிள்ளை, ஹீமோகுளோபின் 7-க்கு இறங்கி வார்டுக்கு வரும் பிள்ளை, இப்படித்தான் உருவாகும்.

8/ "அப்போ மூலிகை எல்லாம் பொய்யா டாக்டர்?" இல்லவே இல்லை. 1909-ல் அமெரிக்காவில் ராக்ஃபெல்லர் ஆணையம் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியபோது கொடுத்த மருந்து தைமால். நம்ம ஓமத்தின் வாசனைக்குக் காரணமான அதே பொருள்! புழு விழுந்தது. ஆனா கிராம் கணக்கில் விழுங்கணும், பேதி மருந்தும் எடுக்கணும், எண்ணெயோ மதுவோ சேர்ந்தால் உடம்பில் ஏறி விஷமாகும். பாதுகாப்பான மருந்துகள் வந்ததும் அது ஒதுங்கியது. சதி எதுவும் இல்லை. (ஓமத்தண்ணியில் அந்த அளவு தைமால் இருக்காது. முயற்சி வேண்டாம்!)

9/ இன்றைய அல்பெண்டசோல் 400 மி.கி., ஒரே ஒரு மாத்திரை. புழு சர்க்கரையை உறிஞ்ச முடியாமல் பட்டினியில் சாகும். குடலிலிருந்து ரத்தத்துக்குப் போவது ரொம்பக் குறைவு. ஒரே டோஸில் உருளைப்புழு 95 சதவீதம் பேருக்கும், கொக்கிப்புழு சுமார் 80 சதவீதம் பேருக்கும் முழுசா நீங்கும். சாட்டைப்புழுவில் மட்டும் சுமார் 30 சதவீதம்தான்.

10/ புது மருந்து தேவைப்படுவது இங்கேதான். இதே குடும்பத்து மருந்தான தையாபெண்டசோல் 1961-ல் ஆடுகளுக்கு வந்தது. 1964-லேயே அதற்கு அடங்காத புழுக்கள் பதிவாகின. நாளைக்கு மனிதர்களுக்கும் அப்படி நடந்தா கையில் என்ன இருக்கு? மூலிகை ஆராய்ச்சி வேணும் என்பதால்தான் அரைகுறை ஆராய்ச்சியைப் பார்த்தா கோபம் வருது.

11/ நல்ல உதாரணம் பப்பாளி. பப்பாளிப் பாலில் உள்ள என்சைம்கள் புழுவின் மேல்தோலையே அரிக்கும் என்று இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகக் குழு ஆய்வகத்திலும், பிறகு விலங்குகளிலும் காட்டியது. அல்பெண்டசோலிலிருந்து முற்றிலும் வேறு வழி! நைஜீரியாவில் 60 குழந்தைகளில் பாதிப் பேருக்கு பப்பாளி விதையும் தேனும், மீதிப் பேருக்கு வெறும் தேன் கொடுத்து மலத்தைச் சோதித்தார்கள் (2007). விதை குழுவில் 30-ல் 23 பேர், தேன் குழுவில் 5 பேர் சுத்தம். சின்ன ஆய்வுதான், இதை வச்சு யாரும் விதையை அரைச்சுக் கொடுத்துடாதீங்க. ஆனா கேள்வியை சரியான இடத்தில் கேட்டார்கள்.

12/ 2015 மருத்துவ நோபல் இரண்டு பாதி. ஒரு பாதி, பழைய சீன மருத்துவ நூலின் குறிப்பைப் பிடித்து மலேரியாவுக்கு ஆர்ட்டெமிசினின் கண்ட டு யூயூவுக்கு. கொதிக்க வச்சா வீரியம் போகுதுன்னு குறைந்த சூட்டில் ஈதரில் பிரித்து, விலங்கில் சோதித்து, தானே குடித்துப் பார்த்து, பிறகுதான் நோயாளிகளுக்குக் கொடுத்தார். மறுபாதி, யானைக்கால் நோயைக் குறைக்கும் ஐவர்மெக்டினுக்கு வழி திறந்த இருவருக்கு. அந்த மருந்தின் மூலம் இலை இல்லை, மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா!

13/ ஒரு எச்சரிக்கை. குழந்தைக்கு வேப்பெண்ணெய் புகட்டவே கூடாது. வேப்பெண்ணெய் புகட்டிய குழந்தைகளுக்கு ரேயின் நோய் போன்ற கடும் பாதிப்பு வந்ததை மலேசிய மருத்துவர்கள் 1981-லேயே 'லான்செட்' இதழில் பதிவு செய்தார்கள். வாந்தி, மயக்கம், வலிப்பு, மூளையும் கல்லீரலும் பாதிப்பு. இயற்கைப் பொருள்தான். ஆபத்தும் இயற்கையானதுதான்.

14/ என் யோசனை இது. தமிழ்நாட்டின் பல அரசு மருத்துவமனைகளில் ஒரே வளாகத்தில் சித்தா பிரிவும் உண்டு, மைக்ரோஸ்கோப் வைத்த லேபும் உண்டு. வாய்விடங்கம் மாதிரி சித்த மருந்துகளை, முறையான அனுமதியோடு, அல்பெண்டசோலுக்குப் பக்கத்தில் வைத்து சோதிப்போம். முன்னும் பின்னும் மலத்தில் புழு முட்டையை எண்ணுவோம். கடைசியில் புழு மிச்சமிருக்கும் எல்லாருக்கும் அல்பெண்டசோல் கொடுத்துடுவோம். ஜெயிச்சா உலகமே எடுத்துக்கும். தோத்தா அதையும் வெளியிடுவோம்.

15/ அதுவரை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் 1 முதல் 19 வயது வரை இலவசமா தரும் மாத்திரையைப் போட வைங்க. 1-2 வயதுக்கு அரை மாத்திரை, அதற்கு மேல் முழு மாத்திரை, நல்லா மென்று சாப்பிடணும். அன்றைக்கு உடம்பு சரியில்லைன்னா விடுபட்டவர்களுக்கான நாளில் கொடுக்கலாம். செருப்பு, கழிப்பறை, கை கழுவுதல் இல்லாட்டி புழு திரும்ப வரும்.

16/ அடுத்த தடவை அந்த மாதிரி ஃபார்வர்டு வந்தா ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "செத்தது எந்தப் புழு?" மண்புழுன்னு பதில் வந்தா, அதை மண்ணிலேயே விட்டுடுங்க. விவசாயத்துக்காவது உதவும்.