கொட்டகையில் உறங்கிய ஹெரால்ட்

பழைய வீடுகள் மிஞ்சியுள்ள தெருக்களில், அநேகமாக ஒரு கொட்டகையிலாவது ஒரு பழைய மோட்டார் வண்டி படுத்திருப்பதைக் காணலாம். அதன்மேல் ஒரு தார்ப்பாய். தார்ப்பாயின்மேல் தென்னமட்டை, உடைந்த தொட்டில், போன தீபாவளிக்கு முந்திய தீபாவளியின் அட்டைப் பெட்டிகள். சொந்தக்காரரை விசாரித்தால், "நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி, ஸார்! ஒரு பாட்டரி போட்டால் இப்பொழுதே கிளம்பிவிடும்" என்பார். மோட்டார் உலகில் இதைக் காட்டிலும் அபாயகரமான வாக்கியம் வேறு இல்லை என்பது நமது தாழ்மையான அபிப்பிராயம். கிளம்பிவிடும் என்பது வாஸ்தவமாகவே இருக்கலாம். நிற்குமா என்பதல்லவா கேள்வி?

இந்த வாரம் இவ்விஷயத்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நமது வீட்டுக் கொட்டகையிலும் அப்படி ஒன்று படுத்திருந்தது. 1969-ம் வருஷத்து ஸ்டாண்டர்டு ஹெரால்ட், மார்க் மூன்று. வேறொருவர் ஓட்டி அலுத்த பிறகு, 1984-ல் நமது தகப்பனார் அதை வாங்கினார். நாம் பள்ளிக்கூடத்தில் சேரப் போனதும், தங்கை பிறந்தபோது தாயாரை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்ததும், பதினெட்டாவது வயதில் காவேரிக் கரைச் சாலையில் நாம் கியர் போடக் கற்றுக்கொண்டதும் அந்த வண்டியில்தான். 1999-ல் அது கொட்டகைக்குள் போயிற்று; 2024 வரையில் வெளியே வரவில்லை. கும்பகர்ணன் தூங்கியது ஆறு மாதம். இது இருபத்தைந்து வருஷம்!

இளைய வாசகர்கள் பலர் ஹெரால்டைப் பார்த்தே இருக்கமாட்டார்கள். அது சென்னையில் செய்யப்பட்ட கார் என்று சொன்னால் ஆச்சரியப்படுவார்கள். அம்பாஸடர் வங்காளத்து உத்தரபாராவில் பிறந்தது. ஃபியட் பம்பாய்க் கூர்லாவில் பிறந்தது. ஹெரால்டோ 1961 முதல், சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. இங்கிலாந்தில் 1959-ல் தோன்றிய ட்ரையம்ஃப் ஹெரால்ட்தான் இதற்கு மூலம். உருவத்தை வரைந்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். ஆனால் மூல வண்டிக்கு இரண்டே கதவு. நான்கு கதவு வைத்த ஹெரால்ட் நமது தேசத்தில் மட்டுமே செய்யப்பட்டது. பாட்டியைப் பின் ஆசனத்தில் ஏற்றி இறக்கவேண்டிய தேசத்தில் இரண்டு கதவு எப்படிப் போதும்? 1971-ல் இதன் தம்பியாகக் காஸல் வந்தது. 1977-ல் அதுவும் நின்றது. 1985-ல் அதே தொழிற்சாலை ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய காரைக் கொண்டுவந்து, மூன்றே வருஷத்தில் கை விட்டது. அதன் பிறகு ஹெரால்டுக்கு உதிரிச் சாமான் தேடுகிறவர்கள் பட்ட பாட்டை எழுத ஒரு தனிப் புராணமே வேண்டும்.

ஆயினும் ஹெரால்டில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. 1950-களில், கார்களுக்கு உடற்கூடு அடித்துக் கொடுத்துவந்த ஒரு கம்பெனி போட்டிக் கம்பெனியின் வசமாகிவிட்டபடியால், இங்கிலாந்துக்காரர்கள் வேறு வழியின்றித் தனியே ஓர் இரும்புச் சட்டகம் செய்து, அதன்மேல் உடற்கூட்டைத் துண்டு துண்டாகப் போல்ட்டு போட்டு முடுக்கினார்கள். நிர்ப்பந்தத்தில் செய்த அந்த ஏற்பாடு, அறுபது வருஷத்திற்கு அப்பாலுள்ள நமக்கு வரப்பிரசாதமாயிற்று. துருப்பிடித்த துண்டை மட்டும் கழற்றிவிடலாம். முன்பக்கத்து மூடியோ இரண்டு மட்கார்டுகளையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு, முதலை வாயைப்போல் முன்னோக்கித் திறக்கும். மிஸ்திரி முன் டயரின்மேல் சாவகாசமாக உட்கார்ந்துகொண்டு எஞ்ஜினில் கை வைக்கலாம். இப்பொழுது வரும் கார்களில் விரல் நுழைய இடமில்லை என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

வண்டியைத் தார்ப்பாயிலிருந்து விடுவித்த அன்று, நமது ஊர் மிஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டினோம். எழுபது வயதுக்காரர். சுற்றி வந்து பார்த்தார், சக்கரத்தைத் தட்டினார். "வாத்தியாரய்யா, இது ஓடறதுக்கு நான் பொறுப்பு. நிக்கறதுக்கு நீங்க பணம் போடணும்" என்றார். இத்துறையில் இவ்வளவு தெளிவாக வேறு யாரும் நமக்கு உபதேசம் செய்ததில்லை.

அவருக்கு முன்னால் டவுனில் ஒரு பெரிய பட்டறைக்காரரையும் கலந்தோம். அவர், "இந்த எஞ்ஜினைத் தூக்கி எறிந்துவிட்டு மாருதி எஞ்ஜின் வைத்துத் தருகிறோம், ஏ.ஸி.யும் போட்டுவிடலாம்" என்றார். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி, அதிகாரியின் அனுமதியில்லாமல் எஞ்ஜினை மாற்றக் கூடாது என்று சொன்னபோது, "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில் வந்தது. நாம் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

எஞ்ஜினை எழுப்பியது நாம் பயந்த அளவுக்குக் கடினமாயில்லை. 948 கன சென்டிமீட்டர் கொண்ட சின்ன எஞ்ஜின். நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஒரு வாரம் ஊறவிட்டோம். அப்புறம் முன்முனையில் ஸ்பானர் வைத்துக் கையாலேயே மெதுவாகச் சுற்றினார் மிஸ்திரி. எடுத்தவுடனே சாவியைத் திருப்பியிருந்தால், சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டிருந்த வளையங்கள் முறிந்திருக்கும் என்றார். டாங்கியிலிருந்த பெட்ரோல் பிசினாக மாறியிருந்தது. அதன் நாற்றம் தெருக்கோடி வரைக்கும் போயிற்று. ஒயர்களை எலிகள் தீர்த்திருந்தன. அவை இல்லாமலே போனது நல்லதுதான், புதிதாகப் போட்டுவிட்டோம்.

பெட்ரோலைப்பற்றிக் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்லவேண்டும். நமது வண்டி தூங்கப்போன 1999-ல் ஈயம் கலந்த பெட்ரோல் விற்றுக்கொண்டிருந்தது. 2000-ம் வருஷம் பிப்ரவரி முதல் தேதியிலிருந்து நாடு முழுவதும் அது நிறுத்தப்பட்டது. நமது குழந்தைகளின் மூளைக்கும் ரத்தத்திற்கும் அது செய்த நன்மையை அளவிட முடியாது. ஆனால் பழைய எஞ்ஜினின் வால்வுகள் வந்து உட்காரும் இரும்பு விளிம்புகளுக்கு, அந்த ஈயந்தான் மெத்தை விரித்துக்கொண்டிருந்தது. மெத்தை போனால், நாளடைவில் விளிம்பு தேய்ந்து வால்வு உள்ளே இறங்கிவிடும். ஆகவே சிலிண்டர் தலையைக் கழற்றி, கெட்டியாக்கிய உருக்கு வளையங்களைப் பதித்தோம். பிறகு எத்தனால் வந்தது. 2023-ல் சில பங்குகளில் ஆரம்பித்து, 2025-க்குள் நாடெங்கும் பரவிய பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால். அது பழைய ரப்பர்க் குழாய்களை இளக்கும், ஈரத்தை இழுக்கும், டாங்கியின் உட்புறத்தில் படிந்த துருவைக் கழுவிக் கொண்டுவந்து கார்புரேட்டரை அடைக்கும். குழாய்கள், பெட்ரோல் பம்பின் உட்சவ்வு முதலியவற்றை எத்தனாலுக்குத் தாங்கும் ரகமாக மாற்றியாக வேண்டும். "எல்லாம் அந்தக் காலத்து அசல் சாமான்" என்று பெருமை பேசுகிறவர்களின் வண்டியில், அசல் ரப்பர்க் குழாய் சூடான எஞ்ஜினுக்குமேல் சொட்டிக்கொண்டிருக்கும்போது, அருகில் பீடி பற்றவைக்காமலிருப்பது நலம்.

இனி, நிற்கிற விஷயம். பிரேக்கு எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும் சுபாவமுடையது. இருபத்தைந்து வருஷம் குடித்தால் சக்கரச் சிலிண்டர்கள் என்ன கதியாகும்? நான்கும் துருவேறி இறுகிக் கிடந்தன. அதைவிடப் பெரிய குறை, அக்காலத்து ஏற்பாட்டிலேயே இருந்தது: நான்கு சக்கரத்திற்கும் ஒரே குழாய்ச் சுற்று. எங்கேயாவது ஓரிடத்தில் ஒழுகினால் நான்கும் போயிற்று. மிதித்த கால் தரையைத் தொடும். இப்பொழுது இரட்டைச் சுற்று வைத்திருக்கிறோம். ஒன்று போனாலும் மற்றொன்று பிடிக்கும். முன் சக்கரங்களுக்குத் தகட்டுப் பிரேக்கு. ஹெரால்டின் தாயாதியான ஸ்பிட்ஃபயர் என்ற இங்கிலாந்து வண்டியினுடைய சாமான்கள், பெரிய வெட்டு ஒட்டு இல்லாமல் இதில் பொருந்திவிடும். அந்த வண்டிகளின்மேல் பிரியமுள்ளவர்கள் இங்கிலாந்தில் ஏராளமாக இருப்பதால், சாமான்கள் இன்றும் புதிதாகச் செய்யப்பட்டு வருகின்றன. சென்னையில் பிறந்த வண்டிக்குச் சென்னையில் சாமான் கிடைக்காமல் சீமையிலிருந்து தருவிக்கிறோமே என்பதில் நமக்கு மனவருத்தம் உண்டு. என்ன செய்வது!

முன் சக்கரத் தூணின் அடியிலே ஒரு வெண்கலத் திருகு மூட்டு இருக்கிறது. ஹெரால்ட் வைத்திருப்பவர்கள் வேறெதைப் படிக்காவிட்டாலும் இதைப் படிக்கவேண்டும். அதற்கு விடவேண்டியது கெட்டியான கியர் எண்ணெய், கிரீஸ் அன்று. கிரீஸ் திருகின் உள்ளே சரியாகப் பரவாது. ஈரம் தங்கித் தூண் அரித்துப்போகும். ஒருநாள் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது தூண் முறிந்து சக்கரம் மடங்கிப் படுத்துக்கொள்ளும். நமது வண்டியின் மூட்டைக் கழற்றியபோது, உள்ளே காய்ந்த சந்தனம்போல் பழைய கிரீஸ்! இரண்டு தூண்களையும் மாற்றினோம். டயர்களும் அப்படித்தான், பட்டன் ஆழமாகவே இருந்தது, ரப்பர் கல்லாயிருந்தது. புது டயர் வாங்குகிறவர்கள் அதன் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் நான்கு இலக்கங்களைப் பார்க்கவேண்டும். முதல் இரண்டும் வாரம், பின்னிரண்டும் வருஷம். கடையிலேயே கிழமாகிப்போன டயரை நமது தலையில் கட்டிவிடாமலிருக்க அது உதவும்.

டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர், தீப்பொறிக்கு மின்னணுச் சாதனம், விளக்குகளுக்குத் தனி ரிலே—இவையெல்லாம் சில்லறை. சண்டை வந்தது இடைவாரில்.

தகப்பனாருக்கு இப்பொழுது எண்பத்திரண்டு வயது. எஞ்ஜினுக்குள்ளே என்ன செய்தாலும் அவர் கவலைப்படவில்லை, வெளியே தெரியாதல்லவா? ஆனால் ஆசனங்களுக்கு வார் கட்டுவதற்காகக் கதவுத் தூணில் துளை போட்டு, உள்ளே இரும்புத் தகடு பற்றவைக்க வேண்டும் என்றதும் கோபம் வந்துவிட்டது.

"இந்த வண்டியிலே ஏழு பேர் திருச்செந்தூர் வரைக்கும் போய் வந்தோம். எவன் வார் கட்டினான்?" என்றார்.

"அப்பா, அப்போது சாலையில் இவ்வளவு லாரி இல்லை" என்றோம்.

"லாரி இருந்தால்? நான் லாரிக்காரன்மேல் மோதினேனா?"

"உங்கள் பேத்தி உட்காரப் போகிறாள், அப்பா."

அவர் பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து மிஸ்திரியைத் தனியே அழைத்து, துளையைத் துணி உறைக்குள் மறைவாகப் போட முடியுமா என்று கேட்டாராம். முடியும் என்றார் மிஸ்திரி. அப்படியே போட்டாயிற்று. வார் கட்டியதனால் இது புதுக் காராகிவிடாது என்பதையும் சொல்லிவிடவேண்டும். மோதினால் தான் நசுங்கி நம்மைக் காப்பாற்றும் வித்தை இதற்குத் தெரியாது. ஆகையால் நெடுஞ்சாலைக்கு இந்த வண்டியைக் கொண்டுபோவதில்லை என்று நமது சகதர்மிணி விதித்த நிபந்தனைக்கு உடனே சம்மதித்துவிட்டோம்.

சர்க்கார் விஷயம் ஒன்று பாக்கி. ஐம்பது வருஷத்திற்கு மேற்பட்ட வண்டிகளைப் புராதன வாகனமாகப் பதிவு செய்துகொள்ள 2021-ல் விதிகள் வந்தன. புதுப் பதிவுக்குக் கட்டணம் ரூ. 20,000, பத்து வருஷம் செல்லும். சட்டகத்திலும் உடற்கூட்டிலும் எஞ்ஜினிலும் பெரிய மாறுதல் செய்திருக்கக் கூடாது. இதில் கௌரவம் உண்டு. ஆனால் அப்படிப் பதிவு செய்த வண்டியைக் கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் கொண்டுபோகலாமே தவிர, அன்றாடக் காரியத்திற்குச் சாலையில் ஓட்டக் கூடாது. தாயாரைச் சனிக்கிழமை கோவிலுக்கு அழைத்துப் போக முடியாத வண்டி நமக்கு எதற்கு? ஆகவே சாதாரணப் பதிவையே புதுப்பிக்கத் தீர்மானித்தோம். 2022 ஏப்ரலில் அந்தக் கட்டணத்தை 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கினார்கள். இருபது வருஷம் கடந்த கார்களுக்கு 2025-ல் அதையும் 10,000 ஆக்கினார்கள். பழைய வண்டிகளைச் சர்க்கார் விரும்பவில்லை என்பது இதிலிருந்தே விளங்கும். புகை கக்கும் வண்டிகளை ஒழிக்க வேண்டியதுதான், மறுக்கவில்லை. வாரத்தில் பத்து மைல் ஓடும் வண்டியையும் நாள் முழுதும் ஓடும் வண்டியையும் ஒரே தராசில் நிறுப்பது நியாயமா என்பதை மட்டும் யோசிக்கவேண்டும்.

இன்னும் முடியாமலிருப்பது பின் அச்சு. ஹெரால்டின் பின் சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே கீல் வைத்ததுபோல் ஆடும். வளைவில் வேகமாக நுழைந்துவிட்டு, பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், பின்பாகம் தூக்கிக்கொண்டு சக்கரங்கள் வயிற்றுக்கடியில் மடங்கப் பார்க்கும், வண்டி சுழன்றுவிடும். காஸலில் இந்த அச்சை விட்டுவிட்டு ஒரே தண்டாக வைத்தார்கள். இங்கிலாந்திலோ 1970-ல் ஸ்பிட்ஃபயரின் வில்தகடுகளில் பெரும்பாலானவற்றை நடுவில் ஊசலாடும்படி செய்து, இந்தத் தோஷத்தைப் பெரும்பாலும் நீக்கினார்கள். அந்த வில் ஹெரால்டுக்கும் பொருந்தும். எழுதிப் போட்டிருக்கிறோம், வந்து சேரவில்லை. அதுவரையில் மணிக்கு 50 கிலோமீட்டருக்குமேல் போவதில்லை என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லியாயிற்று. 1984 முதல் 1999 வரையில் தாம் ஓட்டியதும் அந்த வேகத்தில்தான் என்று தகப்பனார் சொல்லிவிட்டு, பத்திரிகையை விரித்துக்கொண்டார்.